வானத்துக் கல்லுக்குப் பரிகாரம் எது?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சுந்தரபாண்டியத்தில் நடந்த ஒரு சிறு சங்கதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்திற்கு வருகின்றோம். சங்கதி சிறிதானாலும் அதனால் நமக்கும் ஒரு புத்தி வந்தபடியால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டியது நமது கடமையாகின்றது.

அவ்வூரில் நமக்குத் தங்கை முறையாக வேண்டிய ஒரு பெண்மணி இருக்கின்றார். தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பம். ஒரு நாள் சாயங்காலம் நாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணே, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். ஊர் பேர் தெரியாத ஒரு சோதிட சிகாமணி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அது. வானத்திலிருந்து ஒரு பெருங்கல் பூமியை நோக்கி வருகின்றதாம். விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். கலி முற்றிவிட்டதாம். குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி, தலைக்கு ரூபாய் 501 வீதம் அனுப்பினால், கூட்டு ஹோமத்தில் சேர்த்து இரட்சை அனுப்பிவைப்பார்களாம். அந்த வீட்டில் தலைகள் ஐந்து. ஆகவே ரூபாய் 2,505. மறுநாள் காலையில் காதுக் கம்மலை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதென்று அம்மாள் தீர்மானமே செய்துவிட்டார்.

நாம் வழக்கம்போல், "இதெல்லாம் சுத்தப் புரட்டு அம்மா. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். அதற்கு அவர், "டிவியிலேயும் சொல்றாங்களே அண்ணே, அவுங்களும் புரட்டுக்காரங்களா?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தோம். பார்த்ததில், ஹோமம் புரட்டு என்பது வாஸ்தவம். ஆனால் கல் புரட்டல்ல என்று தெரிந்தது. அதாவது சோதிடர் சொன்னதிலும் பாதி பொய். நாம் சொன்னதிலும் பாதி பொய். பகுத்தறிவைப் பற்றி ஊர் ஊராய்ப் பேசும் நமக்கு இது வெட்கமாகவே இருந்தது. அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகின்றோம்.

கல் வந்த கதை

2024 டிசம்பர் 27-ஆம் தேதி சிலி நாட்டிலுள்ள ஒரு தொலைநோக்கி, வானத்தில் நகரும் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தது. அதற்கு 2024 ஒய்.ஆர்.4 என்று பெயரிட்டார்கள். சுமார் 60 மீட்டர் அகலமுள்ள கல் அது. 2032 டிசம்பர் 22-ஆம் தேதி அது பூமியின்மேல் விழக்கூடும் என்றும், விழுந்தால் பசிபிக் சமுத்திரம் தொடங்கி ஆப்பிரிக்கா வழியாகத் தெற்கு ஆசியா வரை நீளும் ஒரு பாதையில் எங்காவது விழும் என்றும் கணக்கிட்டார்கள். ஜனவரிக் கடைசியில் நூற்றுக்கு ஒரு பங்கு அபாயம் என்றார்கள். பிப்ரவரி 18-ஆம் தேதி நூற்றுக்கு 3.1 என்றார்கள். அதற்கடுத்த ஒரு வாரத்திற்குள் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்தத் தேதியில் பூமிக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நேற்று மூன்று, இன்று ஒன்றுமில்லையா? இதென்ன கணக்கு?" என்று சிலர் கேலி செய்கின்றார்கள். இதில் கேலிக்கு இடமே இல்லை. நம் சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர், மதுரையிலிருந்து புறப்பட்ட ஒரு பஸ் தம் ஊர்ப்பக்கம் வருமா என்று காத்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் எங்கே போவதென்று அவருக்குத் தெரியாது. திருமங்கலத்தில் அது விருதுநகர்ப் பக்கம் போகவில்லை என்று தெரிந்தவுடன் அவர் ஆசை கொஞ்சம் ஏறும். டி.கல்லுப்பட்டியில் பேரையூர்ப் பக்கம் திரும்பவில்லை என்றால் இன்னும் ஏறும். கடைசியில் கிருஷ்ணன்கோவில் வந்து, வத்திராயிருப்புச் சாலையில் திரும்பாமல் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டால் ஆசை முழுவதும் ஒரே நொடியில் போய்விடும். பஸ் எப்போதும் தன் வழியில்தான் போயிற்று. மாறியது பார்க்கின்றவரின் அறிவுதான். கல்லின் கதையும் இதுவே. நாளுக்கு நாள் பார்த்து அளக்க அளக்க, போகக்கூடிய வழிகள் குறைந்துகொண்டே வருகின்றன. கடைசியில் ஒரே வழி நிற்கின்றது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண் ஏறியபோது சோதிடர் செய்தி அனுப்பினார். எண் இறங்கியபோது எவராவது, "ஆபத்து நீங்கிவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகின்றோம்" என்று செய்தி அனுப்பினார்களா? அனுப்பியிருந்தால், "எங்கள் ஹோமத்தால்தான் கல் விலகிற்று" என்றுதான் அனுப்பியிருப்பார்கள்.

விழுந்தது உண்டா?

வானத்திலிருந்து கல் விழும் என்பதைப் படித்தவர்களே ஒரு காலத்தில் நம்பவில்லை. "குடியானவன் உளறுகின்றான்" என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் பலர் சிரித்தார்கள். 1803 ஏப்ரல் 26-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்தில் லெய்கிள் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. அரசாங்கம் பியோ என்ற அறிஞரை அனுப்பிற்று. அவர் ஊர் ஊராய்ப் போய்க் கற்களைப் பொறுக்கி, கண்டவர்களை விசாரித்து அறிக்கை எழுதினார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். பகுத்தறிவென்பது எதையும் நம்பமாட்டேன் என்று முரண்டு பிடிப்பதல்ல. சாட்சியம் வந்தால் தன் தவறை ஒப்புக்கொள்வதும் அதுதான்.

நமது தேசத்திலேயே பெரிய சாட்சியம் ஒன்று இருக்கின்றது. மகாராஷ்டிரத்தில் லோணார் என்ற ஊரில் சுமார் 1,800 மீட்டர் அகலமுள்ள வட்டமான பள்ளத்துக்குள் ஏரி ஒன்று உண்டு. லோணாசுரன் என்ற அசுரன் அங்கே நிலத்தடியில் குடியிருந்தானாம். விஷ்ணு வந்து அவனைக் கொன்றாராம். அந்தக் குழிதான் ஏரியாம். இதற்குக் கோவிலும் கட்டியிருக்கின்றார்கள். எரிமலை வாய் என்று சொன்ன நிலநூலாரும் இருந்தார்கள். 1973-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், அங்குள்ள பாறை பயங்கரமான மோதலால் மட்டுமே உண்டாகக்கூடிய விதத்தில் கண்ணாடியாக மாறியிருப்பது எடுத்துக் காட்டப்பட்டது. வந்து மோதியது விண்கல் என்று நிலைபெற்றது. மோதிய காலம் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று ஒரு கணக்கும், சுமார் 5 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று மற்றொரு கணக்கும் உண்டு. புராணத்திலோ தகராறே இல்லை. ஏனெனில் அங்கே கணக்கே இல்லை.

1908 ஜூன் 30-ஆம் தேதி சைபீரியாவில் துங்குஸ்கா நதிப் பக்கம் ஆகாயத்திலேயே ஒரு பொருள் வெடித்து, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காடு பாய் விரித்தாற்போல் சாய்ந்தது. ஜனங்கள் அதிகம் குடியில்லாத இடமாதலால் உலகம் தப்பிற்று. 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ருஷியாவில் செல்யாபின்ஸ்க் நகரத்தின்மேல் சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்கள்மேல் சிறிது நேரம் கழித்து வந்த அதிர்ச்சி கண்ணாடியை உடைத்துக் கொட்டிற்று. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டிக் கண்டவர் எவருமில்லை. சுமார் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப் பக்கம் விழுந்ததோ சுமார் 10 கிலோமீட்டர் பெரியது. டைனோசர்கள் மாண்டன, அன்றிருந்த உயிரினங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழிந்தது.

நம் நாட்டிலும் ஒரு சம்பவம் உண்டு. 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி, அன்றைய வேலூர் ஜில்லா நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் வெடிச் சத்தம் கேட்டுப் பஸ் ஓட்டும் ஓர் ஏழை மாண்டார். விண்கல் என்று அரசாங்கமே அறிவித்து அவர் குடும்பத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்தது. நாசா விஞ்ஞானிகளோ, படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்புப் போல் இருக்கின்றது என்றார்கள். விண்கல்தான் என்பதற்குச் சந்தேகமற்ற சாட்சியம் நிலைபெறவில்லை. இதில் நாம் சொல்லுவது ஒன்றே. ஓர் ஏழையின் உயிர் போனால் அதற்குக் காரணம் இன்னதென்று திட்டமாய்க் காண்பதுதான் அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை. வானத்தைக் காட்டிவிட்டால் கேள்வி நின்றுபோகும் என்ற வழக்கம் நமக்குள் இருக்கும் வரையில் அந்த மரியாதை ஏழைக்குக் கிடைக்காது.

பயத்தை விற்றவர்கள்

வால் நட்சத்திரம் தோன்றினால் அரசன் சாவான், பஞ்சம் வரும், பேதி வரும் என்று சொல்லிச் சொல்லியே ஜனங்களை நடுங்க வைத்துவிட்டார்கள். எரிநட்சத்திரம் விழக் கண்டால் பச்சை மரத்தைப் பார் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அது காசில்லாத பரிகாரம். அதனால் அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. காசு வாங்கும் பரிகாரத்தின்மேல்தான் கோபம்.

1872 நவம்பர் 27-ஆம் தேதி இரவு ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாய்க் கொட்டின. பீலா என்ற வால் நட்சத்திரம் உடைந்து சிதறிய துகள்களுக்குள் பூமி புகுந்து போனதன் விளைவு அது. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானநூலார், பீலா பூமியைத் தொட்டுவிட்டதென்றும், அதைத் தென்வானத்தில் தேடும்படியும் சென்னை வானாய்வுக்கூடத்திலிருந்த போக்சனுக்குத் தந்தியடித்தார். போக்சன் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார். அது பீலா அல்ல என்பது பிற்காலக் கணக்கு. எது எப்படியாயினும், வால் நட்சத்திரத்தின் மிச்சத்துக்குள் பூமி புகுந்து வெளியே வந்தது. வாண வேடிக்கைதான் நடந்ததேயொழிய உலகம் அழியவில்லை.

1910 மே மாதத்தில் ஹாலி வால் நட்சத்திரத்தின் வால் பூமியைத் தடவிப் போகும் என்றவுடன், மேல்நாட்டில் வால் நட்சத்திர மாத்திரை விற்றுக் காசு சேர்த்தார்கள். ஆகவே புரட்டு நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று இந்தியா முழுவதும் யாகங்கள் நடந்தன. எரிந்த நெய்க்கு அளவில்லை. பிப்ரவரி 6-ஆம் தேதி பொழுது வழக்கம்போல் விடிந்தது.

இதற்கு நேர்மாறாக ஹாலி என்பவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1682-இல் தாம் கண்ட வால் நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். 1742-இல் அவர் இறந்துபோனார். 1758 டிசம்பரில் அது வந்தது. செத்துப்போன பிறகும் அவர் சொல் தவறவில்லை. நம் சோதிடரின் சொல்லோ அவர் உயிரோடிருக்கும்போதே தவறுகின்றது. இருந்தும் காணிக்கை யாருக்குப் போகின்றது?

ஒன்பதும் பதினான்கு இலட்சமும்

"நம் முன்னோர் அறியாத கிரகமா?" என்று மார் தட்டுகின்றவர்களை ஒரு கேள்வி கேட்கின்றோம். இன்றைக்குக் கணக்கில் ஏறியிருக்கும் சிறு கோள்கள் 14 இலட்சத்துக்கு மேல். அவற்றில் ஒன்றாவது உங்கள் ஜாதகக் கட்டத்தில் இருக்கின்றதா? முதலாவதான சீரிஸை 1801 ஜனவரி 1-ஆம் தேதி இத்தாலியில் பியாசி கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதல் ஒரு சிறு கோளைக் கண்டது எங்கே தெரியுமா? நமது சென்னையில்தான். 1861 ஏப்ரல் 17-ஆம் தேதி மேற்சொன்ன போக்சன் கண்டு அதற்கு "ஆசியா" என்றே பெயரிட்டார். கோடிக்கணக்கான ஜாதகங்கள் எழுதிய தேசத்தில் அது எந்த ஜாதகத்திலும் தோன்றவில்லை. ஒரு தொலைநோக்கியில் தோன்றிற்று.

பிறகு நூறாண்டுக்கு மேல் கழித்து, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தில் இராஜமோகன் குழுவினர் சிறு கோள்களையும் வால் நட்சத்திரங்களையும் தேடும் வேலையைத் தொடங்கினார்கள். 1988 பிப்ரவரி 17-இல் அவர்கள் கண்ட ஒன்றுக்கு 4130 இராமானுஜன் என்று கணித மேதையின் பெயர் சூட்டப்பட்டது. அந்தத் தேடும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் "கல்கி" என்பது ஒரு வேடிக்கை. புராணத்துக் கல்கி குதிரையேறி உலகத்தை முடிக்க வருகின்றவர். காவலூர்க் கல்கியோ ராத்திரி கண் விழித்து உலகத்துக்கு வரும் ஆபத்தைத் தேடிய வேலை. பெயரைப் புராணத்திலிருந்து எடுத்தாலும் வேலையைக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

மெய்யான பரிகாரம்

நிற்க, பரிகாரம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்லுகின்றோம். 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி நாசா ஒரு விண்கலத்தைக் கொண்டுபோய், சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் டிடிமோஸ் என்ற சிறு கோளைச் சுற்றிக்கொண்டிருந்த டிமார்ஃபஸ் என்ற சுமார் 160 மீட்டர் கல்லின்மேல் வேண்டுமென்றே மோதவிட்டது. வினாடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். அதற்கு முன் அந்தக் கல் ஒரு சுற்றுச் சுற்ற 11 மணி 55 நிமிஷம் ஆயிற்று. மோதிய பிறகு அதில் அரை மணிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்தக் கல்லால் நமக்கு ஆபத்து ஒன்றுமில்லை. தள்ள முடியுமா என்று பார்ப்பதற்கான சோதனையே அது. தள்ள முடிந்தது. உலகத்தில் உயிர் தோன்றிய நாளாக, ஒரு வானத்துக் கல்லின் போக்கை வேண்டுமென்று மாற்றிய முதல் பிராணி மனிதன். டைனோசர் வணங்கவுமில்லை, கணக்குப் போடவுமில்லை, செத்தது. மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வணங்கினான். ஒரு கல்லும் ஒரு அங்குலம் நகரவில்லை. கணக்குப் போட்டான், நகர்ந்தது.

"பூகம்பத்தை நிறுத்த முடிந்ததா, புயலை நிறுத்த முடிந்ததா, இதை மட்டும் எப்படி?" என்பார்கள். பூகம்பத்தின் நாளை எவராலும் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் கல்லின் வழியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடலாம். அப்போது அதைக் கொஞ்சம் தட்டினாலே போதும், விலகிப் போய்விடும். முன்கூட்டிக் காண வேண்டும் என்பதே நிபந்தனை. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட, பூமிக்குப் பக்கத்தில் வரக்கூடிய கற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்டாகிவிட்டது. ஆனால் ஒரு நகரத்தையோ ஜில்லாவையோ அழிக்கக்கூடிய 140 மீட்டர் அளவுள்ளவற்றில் பாதிகூட இன்னும் காணப்படவில்லை. பயப்பட விரும்புகின்றவர்கள் இதற்குப் பயப்படுங்கள். பயந்து, தொலைநோக்கிக்கு ஏன் பணம் போதவில்லை என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வானநூல் சொல்லிக் கொடுப்பார் இல்லையே ஏன் என்று கேளுங்கள்.

"எல்லாம் விதிப்படி நடக்கும்" என்று சொல்லுகின்றவர்களுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. விதிப்படி நடக்குமானால் 501 ரூபாய் எதற்கு? 501 ரூபாயால் மாறுமானால் அது என்ன விதி?

2029-இல் வரப்போகும் வசூல்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14-ஆம் தேதி அதிகாலை சுமார் மூன்றேகால் மணிக்கு அபோஃபிஸ் என்ற கல் பூமியைக் கடந்து போகும். 300 மீட்டருக்கு மேல் பெரியது. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில், டிவி ஒளிபரப்புத் துணைக்கோள்கள் சிலவற்றுக்கும் உள்பக்கமாகப் போகும். 2004-இல் இதைக் கண்டபோது கொஞ்சம் பயப்படத்தான் செய்தார்கள். பிறகு அளந்து அளந்து, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு இது பூமியில் விழாது என்று 2021-இல் உறுதி சொல்லிவிட்டார்கள். அபோஃபிஸ் என்பது எகிப்தியர் கதையில் சூரியனை விழுங்க வரும் பாம்பின் பெயர். நம் இராகுவுக்கு அண்ணன் முறை.

அந்த நாள் எந்த நாள் என்று பார்த்தீர்களா? சித்திரை முதல் நாள். கோவில்களில் பஞ்சாங்கம் படிக்கும் நாள். பாம்பின் பெயரும் சித்திரை முதலும் அதிகாலையும் ஒன்றுகூடினால் வசூலுக்கு இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? ஆகவே இப்போதே சொல்லிவைக்கின்றோம்: அந்தக் கல் விழாது. அதற்காக எவர் வந்து எதைக் கேட்டாலும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று விடிந்ததும் எங்கள் சொல்லையும் அவர்கள் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து வருகின்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது பிரசாரமாகாது. சிரிப்பால் பயம் போகாது. அது நம்மிடம் சொல்லாமல் சோதிடனிடம் போய்ச் சொல்லும். அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் விடியற்காலம் நாம் திரும்பச் சுந்தரபாண்டியத்துக்குப் போய், "அம்மா, நேற்று நான் சொன்னது தப்பு. கல் இருக்கின்றது" என்று தொடங்கி, பஸ் கதை முதல் மோதவிட்ட விண்கலம் வரைக்கும் அரை மணி நேரம் பேசினோம். அம்மாள் தறியை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப அதைத் தள்ளிவிட ஆளு இருக்காங்க. அவுங்க நம்மகிட்டப் பணம் கேக்கலை. கேக்குறவரு தள்ளமாட்டாரு. அப்படித்தானே அண்ணே?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாய் நமக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்மல் காதிலேயே இருக்கின்றது.